சோள ரொட்டித் திருடனுக்கு ஒரு துப்பாக்கி

ஹலோ... ஹலோ... ஒலீட்டாவா? ... நான்தான். ... நான்தான்னா நான்தான், டெல்மர். உன் புருஷன். ... சரி சரி, முன்னாள் புருஷன்னே வெச்சுக்கோ. கோர்ட்டு இன்னும் சொல்லல, நீயாத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுற. ... வெக்காத, வெக்காத, போனை வெச்சிடாத! சண்டை போடக் கூப்பிடல. வான்கோழியப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன். ... சத்தியமா. ... ஆமா, ஆமா, பைபிள் மேல.

ஒரு யோசனை கேக்கணும். நீ சொன்னாத்தான் சரியா இருக்கும். ... உக்காந்துக்கோ முதல்ல. ... இல்ல, யாரும் சாகல. ... ஒலீட்டா, நான் ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம்னு இருக்கேன்.

... ஹலோ? ... ஹலோ, இருக்கியா? ... ம். ... ம். சிரிச்சு முடி. ... உங்க அக்காவும் சிரிக்கிறாளா? ... சரி, ரெண்டு பேரும் நல்லாச் சிரிங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.

... ஆமா, நான்தான். பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல ரொட்டி போடுற அதே டெல்மர்தான். ஏன், ரொட்டி போடுறவன் துப்பாக்கி தூக்கக் கூடாதுன்னு நம்ம ஆர்கன்சா மாநிலத்துல சட்டம் இருக்கா? ... எங்கேருந்து பேசுறேனா? கார்வின் கடையிலேருந்துதான். துப்பாக்கியையும் தூண்டில் புழுவையும் ஒரே கல்லாவுல விக்கிறவன் இந்த ஊர்ல வேற யாரு? ... அவன்தான் உன்னைக் கூப்பிடச் சொன்னான். "ஒலீட்டாவைக் கேக்காம முதல் துப்பாக்கியை நான் எவனுக்கும் வித்ததில்ல, உனக்காக வழக்கத்தை மாத்த முடியாது"ங்கிறான். நான் சொன்னேன், யோவ், அவ என் பேச்சையே கேக்கமாட்டா, நான் எப்படி அவகிட்ட யோசனை கேக்குறதுன்னு. அதுக்கு அவன், ஊர்ல பாதிப் பேரு அவ சொன்ன துப்பாக்கியத்தான் வெச்சிருக்கான், கூடப் படுத்தவன் நீ என்ன பெரிய... சரி, அதை விடு.

... எதுக்கா? ... குறி பாத்துச் சுடத்தான். ஒரு பொழுதுபோக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் நீ பொம்பளைங்களுக்குச் சொல்லித் தர்றியே மைதானத்துல, அங்கதான் நானும்... இல்லயில்ல, உன்னைப் பாக்கவா வர்றேன்? ஒரு ஓரமா நின்னு, என் பாட்டுக்கு, காகிதத்தைச் சுட்டுட்டுப் போறேன். ... அதுல என்ன உனக்குச் சந்தேகம்? ... ஆமா, எனக்கு வெடிச் சத்தம் ஆகாதுதான். காதுல பஞ்சு வெச்சுக்குவேன்.

சரி, கேளு. கார்வின் மூணு எடுத்து வெச்சிருக்கான் கண்ணாடி மேல. முதல்ல ஒண்ணு கறுப்பா, கனமா இருக்கு. ரெண்டரை பவுண்டு வரும். ... எப்படித் தெரியுமா? மாவு அள்ளுற கைக்கு எடை தெரியாதா? கார்வின் தராசுல போட்டே பாத்துட்டான். ரெண்டரைதான். ... ம். ... ம். ... கனமா இருந்தா உதைக்காதா? ஆனா கை சலிச்சுப் போகுமா? ... சரி. ... இல்ல, விரலை விசையில வெக்கல. வெளியிலதான் நீட்டி வெச்சிருக்கேன். கார்வின் அதை முதல்லயே சொல்லிட்டான். ... வாய் எந்தப் பக்கம் பாக்குதா? ... மீன்தொட்டியை. ... குட்டி மீன்தானே, தூண்டிலுக்குப் போடுற... சரி சரி, திட்டாத, திருப்பிட்டேன். ... இப்பக் கரடியப் பாக்குது. ... செத்த கரடிம்மா! பஞ்சு அடைச்சு நிறுத்தி வெச்சிருக்கானே, அது. ... செத்ததையும் பாக்கக் கூடாதா? ... சரி. தரை. தரையப் பாக்குது. தரையில யாரும் இல்ல. ... ஆமா, காலியான்னு அவன் எனக்குத் திறந்து காட்டுனான். ... நானும் பாத்தேன். ... ரெண்டாம் தடவையும் பாத்தேன், ஒலீட்டா.

அடுத்தது ஒன்பது எம்எம். மேல்பாகத்தைப் பின்னால இழுத்து விடணுமாம். புதுசா வர்றவங்க பாதிப் பேருக்கு அது வராதாம். நான் இழுத்தேன் பாரு, ஒரே இழுப்பு! கார்வின் வாயப் பொளந்துட்டான். ... ஆமா! பின்ன? வாரம் பூரா முந்நூறு பிள்ளைங்களுக்கு மாவு பிசையுற கை இது. ... சிரிக்கிறியா? ... இல்ல, இது நல்ல சிரிப்பு, எனக்குத் தெரியும். இப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு. ... சரி, சரி, சொல்லல.

மூணாவது ரிவால்வர். முப்பத்தெட்டு. ... ஆமா, சக்கரம் சுத்துறது. ... அதுவா? அதுதான் எனக்குச் சரின்னு சொல்றியா? ... எளிமையானது... மறந்து போற பாகம் கெடையாது... குண்டு இருக்கா இல்லையான்னு திறந்தாத் தெரிஞ்சிடும்... ம். ம். குழல் நாலு அங்குலம். அதுக்குக் குறைஞ்சா குறி நிக்காது. சரி. ... கார்வின், நாலு அங்குலமாம்! ... "நான்தான் சொன்னேனே"ங்கிறான். ... ரப்பர் பிடி. மரப்பிடி அழகா இருக்கும், கை வேர்த்தா வழுக்கும். அட, நம்ம மரக்கரண்டி மாதிரிதான். ... எண்ணெய் துணியால துடைச்சு வெக்கணும், சோப்பு தண்ணி ஆகாது. இரும்புச் சட்டி மாதிரி! ஒலீட்டா, இது எனக்கு வந்துரும். இது சமையல் சாமான்தான்.

... ஒரு நிமிஷம் இரு, இங்க இமோஜீன் அம்மா ஏதோ சொல்றாங்க. ... அதே இமோஜீன் அம்மாதான், சர்ச்சுல பியானோ வாசிக்கிறவங்க. ... புழு வாங்க வந்தாங்க. ... கைப்பையைத் தொறந்து ஒவ்வொண்ணா வெளிய எடுத்து வெக்கிறாங்க. மூக்குக்கண்ணாடி... புதினா மிட்டாய்... பாட்டுப் புத்தகம்... அடியாத்தி. ... ரோஸ் கலர் பிடி போட்ட ரிவால்வர், ஒலீட்டா! ... நீ சொல்லி வாங்குனதா? ... இமோஜீன் அம்மா, ஞாயித்துக்கிழமையும் இது பையிலதான் இருக்குமா? ... இருக்குமாம். பிரசங்கம் நீண்டுக்கிட்டே போனா ஒரு தைரியத்துக்குத் தொட்டுப் பாப்பாங்களாம்.

... சரி, உண்மையச் சொல்லுன்னா என்ன அர்த்தம்? குறி பாத்துச் சுடத்தான்னு சொன்னேனே. ... ஒலீட்டா. ... இப்படிக் கேட்டா நான் என்ன சொல்றது. ... கார்வின், அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிக்க. இமோஜீன் அம்மா, நீங்களும். ... பயமா இருக்கு, ஒலீட்டா. போதுமா? பயமா இருக்கு. நீ போன நாள்லேருந்து நான் ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்கல. அலமாரிய இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுப் படுக்குறேன். முன்னெல்லாம் சத்தம் கேட்டா நீ எழுந்து போவ, நான் போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்குவேன். இப்ப மூஞ்சிய மூடிக்கிட்டா யாரு எழுந்து போறது? ... சிரிக்கலையா நீ? ... ம். ... நன்றி.

அதுமட்டும் இல்ல. வீட்டுக்குத் திருடன் வர்றான்.

... நெசமா. ... என்ன திருடுனானா? ... சோள ரொட்டி.

... ஹலோ? ... ஆமா, சோள ரொட்டி. சனிக்கிழமை சனிக்கிழமை ரெண்டு சட்டி போடுறேனில்ல... பழக்கதோஷம், ஒருத்தனுக்குன்னு அளந்து போட எனக்கு வரல. ஜன்னல்கிட்ட ஆற வெச்சுட்டு சாயங்காலம் சர்ச்சுப் பாட்டு ஒத்திகைக்குப் போறேன். திரும்பி வந்து பாத்தா ஒரு சட்டி காலி! வேற ஒண்ணையும் தொடுறதில்ல. டிவி இருக்கு, உன் அப்பாரு கடிகாரம் இருக்கு, மேசையில சில்லறை இருக்கு. ரொட்டிய மட்டும் தின்னுட்டு, சட்டிய... இதைக் கேளு... சட்டிய உப்புப் போட்டுத் தேச்சு, சோப்பு படாம, துடைச்சு, எண்ணெய் தடவி, ஆணியில மாட்டிட்டுப் போறான்! ... கார்வின் சொல்றான், ரொம்ப நல்ல குடும்பத்துல வளர்ந்த திருடனாம். ... ஷெரீஃப் ஆபீஸ்ல சொன்னேன். "கரடியா இருக்கும்"னாங்க. கரடி சட்டிக்கு எண்ணெய் தடவுமா, ஒலீட்டா? பாதிரியார்கிட்டயும் சொன்னேன். தேவதூதனா இருக்கலாமாம். தேவதூதன் எதுக்குய்யா சமையல்கட்டு ஜன்னல்ல ஏறிக் குதிக்கணும்? ஜன்னலுக்குக் கீழ என் புதினாச் செடிய மிதிச்சு நாசம் பண்ணியிருக்கான்!

... இல்ல, பாக்கல. ஒரு தடவகூடப் பாக்கல. ... இன்னிக்கு பாப்பேன். இன்னிக்கு சனிக்கிழமை. ஒத்திகைக்குப் போற மாதிரி வண்டிய எடுத்துட்டுப் போயி சர்ச்சு முக்குல நிறுத்திட்டு, பின்பக்கமா நடந்து வந்து, லைட்டை அணைச்சிட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால உக்காரப் போறேன். கையில இந்த முப்பத்தெட்டோட. ஜன்னல்ல கால வெச்சான்னா...

... என்ன சத்தம் அது? ஏதோ உடைஞ்ச மாதிரி. ... தட்டா? ... பரவால்ல, கால்ல குத்திக்காம பாத்து நட.

... என்னது? ... ரிவால்வர் வேண்டாமா? இப்பத்தானே நீ... ம். ... ம். ... இருபத்திரெண்டா? அந்தச் சின்னக் குண்டு போடுறதா? ... உதைக்காது, குண்டு விலை கம்மி, புதுசா கத்துக்கறவங்களுக்கு நல்லது... சரி, அது மைதானத்துக்குச் சரி. திருடனுக்குப் பத்துமா? ... "திருடனுக்கு அதுவே ஜாஸ்தி"யா? ... கார்வின், ஒலீட்டா இருபத்திரெண்டுங்கிறா. ... அவன் முகமே மாறிப் போச்சு. "வீட்டுப் பாதுகாப்புக்கு ஒலீட்டா இருபத்திரெண்டு சொல்லி என் சென்மத்துல கேட்டதில்ல"ங்கிறான்.

... என்ன? ... காத்துத் துப்பாக்கியா? ... அது பிள்ளைங்க தகர டப்பாவைச் சுடுறதில்ல? ... ஏய், ஒலீட்டா, என்னைக் கேவலப்படுத்துறியா? கடையில ஆளுங்க இருக்காங்க. ... இமோஜீன் அம்மாவே முப்பத்தெட்டு வெச்சிருக்காங்க, நான் காத்துத் துப்பாக்கிய வெச்சுக்கிட்டு... ம். ... ம். ... விசிலா? ... விசில்! ... கார்வின், விசில் இருக்கா? ... வாத்தைக் கூப்பிடுற ஊதல்தான் இருக்காம். ... திருடன் வந்தா நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலேருந்து வாத்து மாதிரி கத்தணுமா? ... லைட்டைப் போட்டு வெச்சாலே போதுமா? ... இன்னிக்கு ஒத்திகைக்குப் போயிடவா? ... அப்ப திருடன் வந்தா? ... "வந்தா வந்துட்டுப் போறான், பசியா இருக்கும்"ங்கிற! நீ பேசுற பேச்சா இது? உன் கோழிக்கூண்டுல நரி மூக்க நீட்டுனதுக்கு ராத்திரி உடுப்போட ஓடிப்போய் நின்னவ நீ!

... எனக்குப் புரியுது. ... இல்ல, புரியுது, ஒலீட்டா. என்னால ஆகாதுன்னு நினைக்கிற. கையில கொடுத்தா என் கால நானே சுட்டுக்குவேன்னு நினைக்கிற. சொல்லிடேன் வெளிப்படையா. ... இல்லன்னா பின்ன என்ன? ... யாரு மேலயும் பட்டுடக் கூடாதா? அது என்ன உனக்கு அவ்வளவு அக்கறை அந்தத் திருடன் மேல? என் மேல இல்லாத அக்கறை? ... நாலு மாசமா எனக்குத் தூக்கம் இல்லன்னு சொல்றேன், அவனுக்குப் பசிங்கிற!

... என்ன சொன்ன? ... இரு. இரு. திரும்பச் சொல்லு. ... "சர்க்கரை போட்ட சோள ரொட்டிக்காக ஒருத்தன் சாகணுமா"? ... ஏய், அது ஒரே ஒரு வாரம்தான்! ஒரு கரண்டிதான் போட்டேன்! பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க கேக்குதுங்க, மேலேருந்து அப்படித்தான் போடச் சொல்லி வந்திருக்கு, கை அந்தப் பழக்கத்துல வீட்டுலயும் போட்டுடுச்சு. ... கேக் இல்ல அது! கேக்குன்னு சொல்லாத! ... இமோஜீன் அம்மா, நீங்க எதுக்கு மூஞ்சிய அப்படிச் சுளிக்கிறீங்க? ஒரு கரண்டிங்க! ... உங்க அம்மா கல்லறையில புரண்டு படுப்பாங்களா? எங்க அம்மாவும்தான் சோள ரொட்டியில சர்க்கரை போட்டதில்ல! நான் வேணும்னு செய்யல. ... "இனிப்பு தொண்டையிலயே நின்னுச்சு"ங்கிற, அந்த அளவுக்கா போட்டேன்? ரெண்டு வாய் தின்னா உனக்கு...

...

கார்வின். அந்தத் தொட்டி மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்து.

... ஒலீட்டா. ... போன சனிக்கிழமை சர்க்கரை போட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும், அதைத் தின்னவனுக்கும்.

... ஹலோ.

... நீயா?

... எல்லா வாரமுமா? ... பனி கொட்டிச்சே, அந்த வாரமும்? ... அந்த ஜன்னல்ல ஏறியா? உன் முட்டி வலியோட? ... ஐயோ. ... ஐயோ ஒலீட்டா. ... ஃப்ரிட்ஜுக்குப் பின்னால... லைட்டை அணைச்சிட்டு... கார்வின், இதை என் கையிலேருந்து எடு. எடுய்யா! வாயைத் தரைக்குத் திருப்பி எடு. ... ஒலீட்டா, நான் உன்னைச் சுட்டிருப்பேன். இன்னிக்கு சாயங்காலம். ... "நீயா, பட்டிருக்காது"ன்னு சொல்ற. விளையாடாத. ... ஆறு அடி தூரத்துல ஒரு ஜன்னல், அதுலகூடக் குறி தப்பவா விடுவேன்? ... சரி, நான் தப்பத்தான் விட்டிருப்பேன். ஃப்ரிட்ஜைச் சுட்டிருப்பேன். ஆனா தப்பலன்னா? ... அழாத. ... நான் அழல. ... சரி, நானும்தான்.

... இமோஜீன் அம்மா, கைக்குட்டை இருந்தா கொடுங்க. ... நன்றி.

ஏன் ஒலீட்டா, கதவு வழியா வந்திருக்கக் கூடாதா? ... ம். ... ரோஸ்கோ. ... ஆமா, எதிர்வீட்டு வராந்தாவுல நாள் பூரா ஊஞ்சல்லதான் உக்காந்திருக்கான். ... நீ திரும்பி வர்றதை அவன் பாக்கக் கூடாது. ... அந்த வான்கோழிய ஜெயிச்சவன் பாக்கக் கூடாது. ... நான் எடுக்கல அந்தப் பேச்சை, நீதான் எடுத்த! ... சரி, எடுத்தாச்சு. பேசிடுவோம்.

நான் என்னம்மா செய்ய? வான்கோழியப் பரிசா வெச்சுக் குறி சுடுற போட்டியில என்னை நடுவரா உக்கார வெச்சாங்க. இந்த வட்டாரத்துலயே துப்பாக்கி இல்லாத ஆம்பளை நான் ஒருத்தன்தான், எவனுக்கும் சாயமாட்டேன்னு. ரெண்டு அட்டை. உன் அட்டையில குண்டு குறிக்குக் கிட்ட இருந்துச்சு. ரோஸ்கோவோட அட்டையில ஒரு மயிரிழை இன்னும் கிட்ட இருந்துச்சு. நான் மூணு தடவ அளந்தேன். ... தெரியும், நீ பதினோரு வருஷமா தோத்ததில்ல. ... தெரியும், அவன் ஊர் பூரா அந்த வான்கோழியத் தூக்கிக்கிட்டு நடந்தான்.

... என்ன? ... இப்ப சொல்லணுமா? ... தப்பா அளந்துட்டேன்னா? ... சொன்னா வந்துடுவியா?

... கார்வின், கையால ஜாடை காட்டாத, எனக்குத் தெரியுது. ... இமோஜீன் அம்மா, நீங்க சர்ச்சுல பியானோ வாசிக்கிறவங்க, நீங்களே பொய் சொல்லச் சொல்றீங்களா? ... "ஒரு சின்னப் பொய்தானே, கர்த்தர் கண்டுக்கமாட்டார்"ங்கிறாங்க.

... இருக்கேன், ஒலீட்டா. இருக்கேன். யோசிக்கிறேன். ... நீ வரணும். இந்த உலகத்துல எனக்கு வேற ஒண்ணும் வேணாம், நீ வரணும். ராத்திரி சத்தம் கேட்டா நீ எழுந்து போகணும், நான் போர்வைக்குள்ள கெடக்கணும். ... ஆனா... என்னால முடியல. ரோஸ்கோவோடதுதான் கிட்ட. ... அதுதான் கிட்ட, ஒலீட்டா. நான் என்ன செய்ய.

... ஹலோ? ... வெச்சுட்டியா? ... இருக்கியா?

... என்ன? ... உனக்கே தெரியுமா? ... நீயும் அட்டையப் பாத்தியா? ... அன்னிக்கே தெரியுமா? ... அப்புறம் எதுக்குடி போன?

... ம். ... ம்? ... நான் அவன் கையப் பிடிச்சேனா? ... ஆமா, பிடிச்சேன். நடுவர்னா ஜெயிச்சவன் கையப் பிடிக்கணும். ... "அபாரம்டா"ன்னு சொன்னேனா? ... சொல்லியிருப்பேன். ... தோள்ல தட்டினேன், ஆமா. அதுக்கென்ன? ... ...

... உனக்குச் சொன்னதே இல்லையா? ... ஒரு தடவகூடவா? ... பதினோரு வான்கோழி கொண்டு வந்திருக்க. நான் என்ன சொன்னேன்? ... "அடுப்புல கொள்ளுமான்னு பாக்குறேன்"னு சொன்னேனா? ... பதினோரு தடவையுமா?

... ஒலீட்டா, நீ ஜெயிப்பன்னு எனக்குத் தெரியும்டி. அதுக்கு எதுக்கு... காலையில விடிஞ்சா யாராவது கைதட்டுவாங்களா? வான்கோழிக்குன்னு நான் வீட்டுல அடுப்பை மூட்டி வெச்சுட்டுத்தான் உன்கூட மைதானத்துக்கே வருவேன். அது உனக்குப் புரியலையா? ... இல்ல. ... இல்ல, நீ சொல்றதுதான் சரி. வாயால சொல்லல. ... சொல்லியிருக்கணும்.

... இப்ப சொல்றேன். ... இல்ல, இரு, சொல்லியே தீருவேன். கார்வின், கேட்டுக்க! இமோஜீன் அம்மா, நீங்களும்! அங்க புழு எடுத்துக்கிட்டிருக்குற தம்பதி, நீங்க யாருன்னு தெரியாது, நீங்களும் கேளுங்க! என் பொண்டாட்டி ஒலீட்டா மாதிரி சுடுறவ இந்த மலைப்பக்கம் பூராவும் பொறக்கல. அவ துப்பாக்கியத் தூக்குனா எனக்குக் காதுல பஞ்சு வேணும், ஆனா கண்ணை மூடுனது கெடையாது. ஒரு தடவகூட மூடுனதில்ல. அபாரம்! ... கைதட்டுறாங்க, ஒலீட்டா. கேக்குதா? ... புழு டப்பாவ கீழ வெச்சுட்டுத் தட்டுறாங்க.

... ம். ... ம். ... ஆமா. ... வா. ஆனா ஒண்ணு, ஜன்னல் வழியா வராத. முன்வாசல் வழியா வா. ரோஸ்கோ பாக்கட்டும். கண்ணு நல்லாத் திறந்து பாக்கட்டும். என் வீட்டுக்கு என் பொண்டாட்டி வர்றதுக்கு எவன் வான்கோழி குறுக்க நிக்குது? கதவு உனக்காகத் திறந்தே இருக்கு. தள்ளிட்டு நேரா உள்ள போ. நாலு மாசமா ஆறிப்போன ரொட்டியத் தின்னுக்கிட்டுக் கெடந்திருக்க. நான் வந்து போடுறேன், அடுப்புலேருந்து எடுத்த சூட்டோட, வெண்ணெய் உருகி ஓட, ஒரு துண்டு தின்னு. அப்புறம் வேணும்னா கோச்சுக்கோ. ... சர்க்கரை இல்ல. சத்தியமா இல்ல.

... என்ன சத்தம்? ... வண்டியா? ... ஏய், கிளம்பிட்டியா? போனை வெக்காமலேயா? ... உங்க அக்கா கத்துறா, கேக்குது. ... கத்தட்டும். ... உன் துப்பாக்கி எல்லாம்? ... பின்சீட்டுலயா? எல்லாமா? ... மெதுவா ஓட்டு. ... சரி, பேசாத, ரோட்டைப் பாரு. நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்.

... அது பலகை தடதடங்கிற சத்தம். ... கார்வின், ஓடைப்பாலம்! அதுக்கு அந்தப் பக்கம் ரெண்டே வீடு, ஒண்ணு ரோஸ்கோவோடது, அங்க அவ போகமாட்டா. எங்க வீட்டுக்குத்தான்! ... ஒலீட்டா? பாலம் ஏறிட்டியா? அதைத் தாண்டுனா சிக்னல்... ஒலீட்டா? ... ஹலோ? ... ஹலோ?

கட் ஆயிடுச்சு, கார்வின். ... கட் ஆயிடுச்சுய்யா! போயிட்டா, வீட்டுக்குப் போயிட்டா! ... என்ன? ... நானா? ஆமா, நானும்தான் போகணும், அதுக்கென்ன அவச... 

ஐயையோ.

கதவு பூட்டியிருக்கு. திருடனுக்குப் பயந்து புதுப் பூட்டு போட்டேன்ய்யா, போன வாரம்! சாவி இதோ, என் பாக்கெட்டுல! திறந்தே இருக்கு, தள்ளிட்டுப் போன்னு சொன்னேனே... ரோஸ்கோ ஊஞ்சல்ல உக்காந்து பாத்துக்கிட்டிருக்க, அவ வாசல்ல நின்னு தள்ளுவா, கதவு அசையாது... நான் வேணும்னே அவமானப்படுத்திட்டேன்னு நினைப்பா! கூப்பிட்டாலும் போகாது, சிக்னல் இல்ல! ... நகருங்க இமோஜீன் அம்மா, நகருங்க! என் வண்டிச் சாவி எங்க, கரடி கையில மாட்டினேனே... 

... என்னது? ரிவால்வரைப் பொட்டலம் கட்டவா? யோவ், எதுக்குய்யா எனக்குத் துப்பாக்கி? இந்த ஊர்லயே நல்லாச் சுடுறவ, வண்டி நிறைய துப்பாக்கியோட, என் வீட்டுப் பூட்டின கதவு முன்னாடி கோவமா நிக்கப் போறா. வழிய விடுய்யா!